தேசத்தின் கணக்கும் நமது மாணவர்களும்

ஒரு தேசத்தின் வருமானம், விலைவாசி, வட்டி, நாணய மாற்று, வேலையின்மை ஆகியவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே கணக்காக வைத்துப் பார்க்கும் சாஸ்திரத்திற்குப் பேரியல் பொருளாதாரம் என்று பெயர். நமது சர்வகலாசாலைகளில் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவர், முதற்படியைத் தாண்டியதும் இதன் இடைநிலைப் பாடத்தைப் படிக்க வேண்டியவராகிறார். 1982-ம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட பாரதிதாசன் சர்வகலாசாலையைச் சார்ந்த கலாசாலைகளில், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பொருளாதாரம் படித்துத் தேறி வருகின்றனர். அவர்கள் தேறுகிறார்கள் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எதைத் தெரிந்துகொண்டு தேறுகிறார்கள் என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் ஒரு வழக்கின் பொருட்டு நாம் அரியலூர் சென்று, நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே அவருடைய உறவினர் மகன், பி.ஏ. வகுப்பில் பொருளாதாரம் படிக்கும் இளைஞர், நம்மைக் காண வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். தகப்பனார் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுபவர். பாடத்தைப் பற்றி விசாரித்ததும், இளைஞர் ஒரு தாளை எடுத்து, கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோட்டையும் மேல்நோக்கி ஏறும் ஒரு கோட்டையும் வரைந்து, முன்னதற்கு ஐ.எஸ். என்றும் பின்னதற்கு எல்.எம். என்றும் பெயரிட்டு, அவை சந்திக்கும் இடத்தை விளக்கினார். ஒரு பிழையும் இல்லை. விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

"தம்பி, ரிசர்வ் பாங்கி வட்டியை உயர்த்தினால் உன் தகப்பனாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டோம். இளைஞர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்து, "அது பாடத்தில் இல்லை, ஐயா" என்றார்.

இதில் அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கேள்வித்தாளில் வாராத கேள்விக்கு விடை தேடும்படி அவரை எவரும் கேட்டதில்லை. ஆயினும், வட்டி ஏறும்போது தன் வீட்டு அடுப்பில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்ல உதவாத வட்டிக் கோட்பாடு எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த இரண்டு கோடுகளின் பொருள் கடினமானதன்று. வட்டி குறைந்தால் தொழில் தொடங்குவோர் துணிந்து முதலிடுவர். முதலீடு பெருகினால் வருமானம் பெருகும். இது முதற்கோடு. வருமானம் பெருகினால் ஜனங்கள் கைச்செலவுக்கென்று வைத்துக்கொள்ளும் பணமும் பெருகும். தேசத்திலுள்ள பணத்தின் அளவு மாறாதிருக்குமானால், பணத்திற்குக் கிராக்கி ஏற்பட்டு வட்டி ஏறும். இது இரண்டாவது கோடு. 1936-ம் வருஷத்தில் ஆங்கில அறிஞர் கீன்ஸ் வெளியிட்ட பெருநூலின் சாரத்தை, அடுத்த வருஷமே ஹிக்ஸ் என்பவர் இவ்விரண்டு கோடுகளில் அடக்கிக் காட்டினார். அன்றுதொட்டு உலகெங்கும் மாணவர்கள் அவற்றை வரைந்து வருகின்றனர்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று சொல்வாரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கீன்ஸ் 1906 முதல் 1908 வரை லண்டனில் இந்தியா ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். 1913-ல் அவர் வெளியிட்ட முதல் நூலே இந்தியாவின் நாணயத்தைப் பற்றியது. இந்த மண்ணில் அவர் கால்வைத்ததே இல்லை. எனினும் அவருடைய ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பொருளாக இருந்தது நமது ரூபாய். இந்த சாஸ்திரத்திற்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று.

நம்மவரும் அக்காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1882-ல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1897-ல் லண்டன் சென்று, இந்தியாவின் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளித்தார்; 1903-ல் ஆங்கில ஆட்சியின் பொருளாதாரத் தன்மைகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 1926-ல் ஹில்டன் யங் கமிஷன் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்ற விகிதத்தைச் சிபார்சு செய்தபோது, அதன் அங்கத்தினரான புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் 16 பென்ஸே தகும் என்று தனிக் குறிப்பு எழுதினார். தேசமெங்கும் அது விவாதப் பொருளாயிற்று. ஏன்? ஒரு பவுன் என்பது 240 பென்ஸ். ஒரு பவுனுக்குப் பருத்தி விற்றவருக்கு 16 பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும்; 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைக்கும். பருத்தி அதுவே, பாடும் அதுவே; சட்டப் புத்தகத்தில் ஓர் எண் மாறியதால் குடியானவர் கையில் விழும் பணம் குறைந்தது. 1927-ல் 18 பென்ஸே சட்டமாயிற்று. நாணய மாற்று விகிதம் என்பது வீட்டு விஷயம் என்பதை அன்றைய அரசியல் தொண்டர்கள் அறிந்திருந்தனர். சுயராஜ்யம் பெற்ற பிறகு அந்த அறிவு நம்மிடையே வளர்ந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அரியலூரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். நமது ரூபாயின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான கட்டத்தை நடத்தியவர் அரியலூரில் பிறந்தவர். 1932-ல் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன், திருச்சியிலும் சென்னையிலும் படித்து, 1964-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1992 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை ரிசர்வ் பாங்கியின் கவர்னராக இருந்தார். அதற்கு முன் 1991-ல், அந்நிய நாணயக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமென்ற நிலையில் தேசம் தவித்தபோது, அவர் துணை கவர்னர். வீட்டு நகையை அடகு வைப்பது போல ஏறக்குறைய 47 டன் தங்கம் கடல் கடந்து சென்றது. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரண்டு படிகளாகக் குறைக்கப்பட்டது. ஏறக்குறைய 21 ரூபாயாக இருந்த டாலர் ஏறக்குறைய 26 ரூபாய் ஆயிற்று. 1927-ல் நிகழ்ந்ததற்கு நேர் எதிரான காரியம் இது: ஏற்றுமதி செய்வோருக்கு ஆதாயம், இறக்குமதி எண்ணெய் வாங்கும் அனைவருக்கும் செலவு. இடைநிலைப் பாடத்தில் திறந்த பொருளாதாரம் என்ற அத்தியாயம் கூறுவது இதுவே.

அவர் கவர்னராக இருந்தபோது நடந்த வேறொரு காரியம் செய்தித்தாள்களில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் அதைவிட ஆழமானது. 1955 முதல் ஓர் ஏற்பாடு இருந்து வந்தது. மத்திய சர்க்காரின் கணக்கில் வெள்ளிக்கிழமையன்று 50 கோடி ரூபாய்க்குக் குறைவாக இருப்பு இருந்தால், குறைந்ததை ஈடுசெய்யத் தற்காலிக உண்டியல்கள் தாமாகவே பிறக்கும். அவற்றை வாங்கிக்கொண்டு ரிசர்வ் பாங்கி பணம் தரும். சட்டசபையில் விவாதமில்லை, வட்டிச் சந்தையில் சோதனையில்லை; செலவு வந்தால் பணமும் வந்துவிடும். அப்படி வந்த பணம் விலைவாசியாகத் திரும்பி ஏழையின் கூலியைத் தின்றது. சர்க்கார் வெளிப்படையாக விதித்திருந்தால் எதிர்ப்பு எழுந்திருக்கக்கூடிய வரி, விலையேற்றம் என்ற மாறுவேடத்தில் வசூலாயிற்று. 1994 செப்டம்பரில் ஓர் உடன்படிக்கையும் 1997 மார்ச்சில் மற்றோர் உடன்படிக்கையும் செய்து, 1997 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. சர்க்காரின் செலவும் பணத்தின் அளவும் எவ்வாறு பிணைந்துள்ளன என்று பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவதை, இந்த ஒரு நிகழ்ச்சி பத்து வரியில் விளக்கும். நாம் சந்தித்த இளைஞருக்கு டாக்டர் ரங்கராஜன் பெயர் தெரிந்திருந்தது; தம் ஊருக்கு அருகில் பிறந்தவர் என்பதும் தெரிந்திருந்தது. அவர் என்ன செய்தார் என்பது தெரிந்திருக்கவில்லை. பெருமை மட்டும் வந்து சேர்ந்தது. பாடம் வந்து சேரவில்லை.

இனி, முதலீடு என்ற அத்தியாயத்திற்கு வருவோம். ஒருவர் செலவிடும் ரூபாய் மற்றொருவருக்கு வருமானமாகிறது. அவர் அதில் ஒரு பகுதியைச் செலவிட, அது மூன்றாமவருக்கு வருமானமாகிறது. ஆகவே 100 ரூபாய் முதலீடு 100 ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தைப் பிறப்பிக்கும். இதற்குப் பெருக்கி என்று பெயர். ஒவ்வொரு ரூபாயிலும் 80 காசு செலவாகுமானால் பெருக்கி 5 என்று மாணவர் எழுதுவார், மதிப்பெண்ணும் பெறுவார்.

அரியலூரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருகாலத்தில் கடல் புகுந்திருந்த பூமி அது; அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு அந்தச் சிறிய ஜில்லாவில் பல சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. சர்க்காரின் சிமெண்ட் ஆலையும் அவற்றுள் ஒன்று. கோடிக்கணக்கான ரூபாய் முதலீடு. இரவும் பகலும் லாரிகள். பெருக்கிக் கணக்குப்படி அந்த ஜில்லா செழித்திருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுத் திட்டக்குழு 2017-ல் வெளியிட்ட மனிதவள அபிவிருத்தி அறிக்கையில், கன்னியாகுமரி முதலிடம் பெற, அரியலூர் கடைசி இடத்தில் நின்றது.

காரணம் என்ன? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். செலவாகும் 80 காசில் 50 காசு யந்திரத்திற்கும் நிலக்கரிக்கும் வெளியூர்ச் சரக்குக்குமாக ஜில்லாவை விட்டே போய்விடுகிறது. 30 காசுதான் உள்ளூரில் சுழல்கிறது. அப்போது பெருக்கி 5 அன்று, ஒன்றரைக்கும் குறைவு. லாபம் பங்குதாரரைத் தேடிச் செல்கிறது. புகையும் பள்ளமும் ஊரிலேயே தங்குகின்றன. பாடப்புத்தகத்தில் இறக்குமதிக் கசிவு என்று ஒரு வரியில் வருவது இதுவே. தேசத்தைப் பற்றி அந்த வரியைப் படிக்கும் மாணவர், தம் ஜில்லாவைப் பற்றி அதைப் படிக்கக் கற்றுக்கொள்வாரானால், பேசாமல் இருக்க மாட்டார்.

காஞ்சிபுரத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த வி. கே. ஆர். வி. ராவ், 1952-லேயே இப்பொருளைப் பற்றி எழுதினார். பெருந்தொழில் மிகுந்த நாடுகளில் யந்திரங்களும் தொழிலாளரும் வேலையின்றிக் காத்திருக்கும்போது பெருக்கி வேலை செய்யும். விவசாயமே பிரதானமான நமது நாட்டில் கிராக்கி பெருகினாலும் விளைச்சல் உடனே பெருகாதாகையால், வருமானத்திற்குப் பதில் விலையே ஏறும் என்பது அவர் கருத்தின் சுருக்கம். அவர் சொன்னது முற்றும் சரி என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால், வந்த கோட்பாட்டை வந்தபடியே ஏற்காமல், நமது நிலத்தில் அது முளைக்குமா என்று கேட்ட தமிழ்நாட்டு மகன் ஒருவர் இருந்தார் என்பதை நமது மாணவர்கள் அறிய வேண்டும்.

முதலீடு என்ற சொல்லே இவ்விரு ஜில்லாக்களில் பலவித அனுபவங்களைக் குறிக்கும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் உண்டாக்குவதாகச் சொல்லி 1990-களில் குடியானவரின் நிலங்கள் எடுக்கப்பட்டன. கரி எடுக்கப்படவில்லை, மின்சாரமும் பிறக்கவில்லை, இழப்பீட்டு வழக்குகள் மட்டும் நடந்தன. பிறகு திட்டமே கைவிடப்பட்டு, நிலத்தைத் திருப்பித் தரச் சர்க்காரே முன்வந்தது. எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்ட முதலீடு நிறைவேறாவிட்டால் நஷ்டம் யாரைச் சேருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? மற்றொரு புறம், 2022 நவம்பரில் பெரம்பலூர் ஜில்லா எறையூரிலும், 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்திலும் காலணித் தொழிற்சாலைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னது தைவான் நாட்டு முதலீடு. காலணித் தொழில் யந்திரத்தைவிட மனிதர் கையை, அதிலும் பெண்களின் கையை, அதிகம் நாடுவது. கூலி உள்ளூரில் சுழலும், பெருக்கி உயரலாம். ஆனால் கிராக்கி அயல்நாட்டில் இருப்பதால், அங்கே வாணிபம் மந்தித்தால் இங்கே வேலை நிற்கும். இரண்டையும் சேர்த்து எடைபோடக் கற்பிப்பதே இந்த சாஸ்திரத்தின் வேலை.

வழக்கறிஞரான நாம் சட்டத்தின் பக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல் சம்பந்தமான ஒரு வழக்கில் 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு, கனிமத்திற்குச் செலுத்தும் ராயல்டியும் ஒரு வரியே என்று கூறி, ராயல்டியின் மேல் மாகாண சர்க்கார் விதித்த மேல்வரி செல்லாது என்று தீர்த்தது. 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியல்ல என்றும் கனிம நிலத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாகாணங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அவ்வருஷ முடிவிலேயே தமிழ்நாடு சட்டசபை அதற்கான சட்டம் இயற்றியது. 2014-ல் நிர்ணயித்த விகிதப்படி சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி. 2015 ஜனவரி 12-க்கு முற்பட்ட குத்தகைகளுக்கு அதில் 100-க்கு 30 வீதம், அதாவது 24 ரூபாய், ஜில்லாக் கனிம நிதிக்குக் கூடுதலாகச் செல்ல வேண்டும். இந்த நிதி சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே ஏற்பட்டது. எத்தனை டன் வெட்டப்பட்டது, எத்தனை ரூபாய் வந்தது, எந்த ஊருக்குச் செலவாயிற்று என்று பெருக்கிப் பார்க்கத் தெரிந்த பட்டதாரி ஒருவர் ஒவ்வொரு பிர்க்காவிலும் இருந்தால், பஞ்சாயத்துக் கூட்டத்தில் கணக்கு வேறுவிதமாக வாசிக்கப்படும்.

வட்டியைப் பற்றிய கேள்விக்கு மீண்டும் வருவோம். நாம் சந்தித்த இளைஞர் மறுநாள் காலை திரும்பி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. இந்தத் தடவை கோடுகள் இல்லை. இரவு தகப்பனாரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய கடன் பட்டியல் அது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன்: தவணை தவறாமல் செலுத்தினால் வட்டி இல்லை. பாங்கியில் நகைக்கடன்: வருஷ வட்டி. ஊரில் ஒருவரிடம் கைமாற்று: 100-க்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருஷத்திற்கு 36. விதையும் உரமும் கடனாகத் தந்த வியாபாரி: வட்டி என்று ஒன்றுமில்லை, ஆனால் அறுவடையானதும் மக்காச்சோளத்தை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். "ஐயா, பாடத்தில் ஒரே வட்டிதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நாலு இருக்கிறது" என்றார் இளைஞர்.

இதைக் கேட்டு நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஏனெனில் இதுவே பாடத்தின் ஆரம்பம். 2022 மே மாதத்தில் 100-க்கு 4 வீதமாக இருந்த ரிப்போ வட்டியை ரிசர்வ் பாங்கி படிப்படியாக உயர்த்தி, 2023 பிப்ரவரியில் ஆறரை வீதமாக்கிற்று. அந்த இரண்டரை வீத ஏற்றம் இந்த நான்கு கடன்களில் எதைத் தொட்டது? கூட்டுறவுக் கடனைத் தொடவில்லை. கைமாற்றையும் வியாபாரியின் கணக்கையும் நேராகத் தொடவில்லை. பாங்கியின் நகைக்கடனை மட்டுமே தொட்டிருக்கக்கூடும். நகைக்கடன் கிடைப்பது அரிதானால் குடியானவர் 36 வீதக்காரரிடம் இன்னும் கொஞ்சம் வாங்குவார். ஆகவே டில்லியிலும் பம்பாயிலும் வகுக்கும் கொள்கை அந்தக் கிராமத்திற்கு ஒரே வாசல் வழியாக, அதுவும் கோணலாக, வந்து சேருகிறது. ஐ.எஸ்., எல்.எம். கோடுகள் பொய்யென்று இதனால் ஆகிவிடாது. அவை ஒரு நிலப்படம். படத்தில் இல்லாத பள்ளங்களை அந்த நிலத்தில் நடப்பவரே குறித்துக்கொள்ள வேண்டும்.

விலைவாசியும் அவ்வாறே. 2016 முதல் ரிசர்வ் பாங்கிக்குச் சட்டப்படி ஓர் இலக்கு உண்டு: விலைவாசி ஏற்றம் வருஷத்திற்கு 100-க்கு 4, கூடினாலும் குறைந்தாலும் 2-க்குள். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீட்டில் உணவும் பானமும் ஏறக்குறைய 46 பங்கு வகித்தன. 2019 டிசம்பரில் வெங்காய விலை ஏறியபோது அந்த ஏற்றம் 7-ஐத் தாண்டியது. பெரம்பலூரோ சின்ன வெங்காயத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் பெயர்பெற்ற ஜில்லா. பட்டணத்தில் வாங்குவோருக்கு விலைவாசியாகத் தெரிவது இங்கே விற்போருக்கு வருமானம். வட்டியை உயர்த்தினால் வெங்காயம் முளைக்குமா என்று கேட்பது விளையாட்டன்று. 2018-ல் இந்தியாவில் புகுந்த படைப்புழு பெரம்பலூர் மக்காச்சோளத்தை அழித்தது. மகசூல் குறைந்தால் நாமக்கல் கோழிப்பண்ணையில் தீவன விலை ஏறும். முட்டை விலையும் ஏறும். இது கிராக்கி மிகுந்ததால் வந்த ஏற்றமா, வரத்துக் குறைந்ததால் வந்த ஏற்றமா? முன்னதற்கு வட்டி மருந்தாகலாம், பின்னதற்கு ஆகாது. இந்த வேறுபாட்டை அறிவதே இடைநிலைப் பாடத்தின் உயிர். அதை அறிந்த மாணவருக்குத் தம் தகப்பனாரின் வயலே உதாரணம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூறு வருஷங்களுக்கு முன் வழி காட்டப்பட்டிருக்கிறது. சென்னை சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் கிராமத்திற்குச் சென்று நிலம், கடன், கூலி, கால்நடை யாவற்றையும் விசாரித்து எழுதி வரும்படி செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய கிராமங்களின் கணக்கு 1918-ல் புத்தகமாக வெளிவந்தது. பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே கிராமங்களை மறுபடி விசாரித்து 1940-ல் வெளியிட்டனர். பிற்கால ஆராய்ச்சியாளரும் அக்கிராமங்களுக்கே திரும்பத் திரும்பச் சென்றனர். அன்றைய மாணவர்கள் செய்த வேலை இன்றும் உலக அறிஞர்களால் படிக்கப்படுகிறது.

மேற்சொன்ன ஐந்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் கிராமம் ஒன்றும் இல்லை. அக்குறையை அங்குள்ள மாணவர்களே தீர்க்கலாம். அவர்களுக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007-ல் மீண்டும் பிரிந்தது. எல்லை மாறும்போதெல்லாம் புள்ளிவிவரத்தின் தொடர்ச்சி அறுபடுகிறது. பெரம்பலூரின் வருமானம் பெருகிற்றா என்று கேட்டால், எந்தப் பெரம்பலூர் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு கிராமத்தின் எல்லை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் இருந்தனர். கைக்கு அடங்கும் ஜில்லாக்கள். ஒவ்வொரு மாணவரும் தம் கிராமத்தில் இருபது வீடுகளின் வரவு, செலவு, கடன், வட்டி ஆகியவற்றை எழுதி, அடுத்த வருஷத்து மாணவரிடம் ஒப்படைத்தால், பத்து வருஷத்தில் எந்த சர்க்கார் இலாகாவிடமும் இல்லாத செல்வம் கலாசாலை நூலகத்தில் சேர்ந்துவிடும்.

இரண்டாவதாக, பாடம் தமிழில் பேசப்பட வேண்டும். கிராக்கி, வரத்து, கசிவு, பெருக்கி, பற்று, வரவு என்ற சொற்கள் நம்மிடம் உள்ளன. தகப்பனாரிடம் கேட்டு எழுதிய கடன் பட்டியலை அந்த இளைஞர் தமிழில்தான் எழுதியிருந்தார். நான்கு வட்டி என்ற உண்மையும் தமிழில்தான் அவருக்குப் புலப்பட்டது. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் படித்துப் பிழைத்தவர் நாம். அந்த ஏணியை மற்றவருக்கு மறுப்பது நியாயமாகாது. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் தம் தாயாருக்குச் சொல்ல முடிந்தால்தான் படித்ததாகக் கணக்கு என்பதே நமது வாதம்.

இதற்கு ஆட்சேபம் கூறுவோர் உண்டு. கோட்பாடு என்பது எங்கும் பொதுவானது. அதை ஊருக்கு ஊர் மாற்றினால் சாஸ்திரம் கெட்டுவிடும் என்பர் சிலர். ஈர்ப்பு விதி எங்கும் ஒன்றுதான். ஆயினும் கிணறு தோண்டுவோர் அந்தந்த ஊர் மண்ணைப் பார்த்தே தோண்டுகின்றனர். வேறு சிலர், பரீட்சையில் வெற்றியும் உத்தியோகமும் அல்லவா ஏழை மாணவருக்கு வேண்டும், கிராம விசாரணைக்கு நேரம் ஏது என்பர். இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. உத்தியோகம் வேண்டியதே. ஆகையால்தான் கிராமக் கணக்கையும் பரீட்சையின் ஒரு பகுதியாக்கி, அதற்கு மதிப்பெண் அளிக்க வேண்டும் என்கிறோம். கிராமத்துக் கடனை விசாரித்து எழுதத் தெரிந்தவரை, பாங்கியும் வேண்டாமென்று சொல்லாது, சர்க்காரும் சொல்லாது. ஆசிரியர்களுக்குப் பயண வசதியும் அவகாசமும் தருவது சர்வகலாசாலையின் கடமை. அவர்கள்மேல் சுமையை மட்டும் ஏற்றினால் காரியம் நடவாது.

அரசியல் தொண்டர்களாகிய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் புகழ்வதும் இகழ்வதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் பற்றாக்குறை என்ற எண் எங்கிருந்து வருகிறது, யார் கடன் கொடுக்கிறார், அந்தக் கடன் நமது ஊரில் வட்டியாகவோ விலையாகவோ எப்போது வந்து சேரும் என்று மேடையில் விளக்குவோர் எத்தனை பேர்? 16 பென்ஸையும் 18 பென்ஸையும் பற்றி வாதாடிய தலைமுறைக்குச் சட்டசபையில் அதிகாரம் இல்லை, அறிவு இருந்தது. நமக்கு அதிகாரம் இருக்கிறது. கணக்குத் தெரியாதவர் கையில் உள்ள சாவி, பெட்டி அவருடையது என்பதற்கு அடையாளமே தவிர, பெட்டியில் இருப்பதைக் காத்துத் தாராது.

அரியலூரிலிருந்து நாம் புறப்படும்போது அந்த இளைஞர் பஸ் நிலையம் வரை வந்தார். பட்டியலில் உள்ள நான்கு வட்டிகளையும் தம் தெருவிலுள்ள மற்ற வீடுகளிலும் விசாரிக்கப் போவதாகச் சொன்னார். பல்கலையும் கலாசாலையும் விழிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரைப் போன்ற நூறு பேர் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருக்கின்றனர் என்பது நமது நம்பிக்கை. அவர்களுக்குக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, எழுத வேண்டிய தாளைத் தருவது மூத்தோராகிய நமது பொறுப்பு. அதைச் செய்வோமாக.